கணப்பின் கணக்கு

பிரிட்டனின் பழைய வீடுகளில், ஒரு காலத்தில் நிலக்கரி எரிந்த சுவர்க்குழிக்குள் இன்று எரிவாயுவால் எரியும் கணப்பு ஒன்று உட்கார்ந்திருப்பது சாதாரணமான காட்சி. அது பழுதாகும்போதோ, பார்க்கப் பழையதாகத் தோன்றும்போதோ, வீட்டார் கடைக்குச் சென்று புதிய கணப்பின் விலையைக் கேட்கிறார்கள்; கடைக்காரரும் ஒரு தொகையைச் சொல்கிறார். அந்தத் தொகை பொய்யன்று என்றாலும், கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடையாவதில்லை. ஒரு கணப்பின் உண்மையான செலவு, அது எரிக்கும் வாயுவில் எவ்வளவு பங்கு அறையின் வெப்பமாக மாறுகிறது, எவ்வளவு பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது, அது எரியாமல் இருக்கும் இரவிலும் பகலிலும் அதே புகைபோக்கி வீட்டின் வெதுவெதுப்பை எவ்வளவு இழுத்துக்கொண்டு போகிறது ஆகிய மூன்றையும் சேர்த்தே அமைகிறது. இவற்றுள் ஒன்றுகூட விலைச்சீட்டில் எழுதப்படுவதில்லை.

இந்தக் கணப்புகள் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தின் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நகரப் பகுதிகளில் வீட்டு அடுப்பில் புகை எழுப்பும் நிலக்கரியை எரிப்பது படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அப்போது குழாயில் வந்துகொண்டிருந்தது நிலக்கரியிலிருந்து வடித்தெடுத்த நகர வாயு, அதாவது ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் மிகுந்த கலவை. 1965இல் வட கடலுக்கு அடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்ட பின், 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று ஏறத்தாழ நான்கு கோடிச் சாதனங்கள் புதிய வாயுவுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. எரிபொருள் இருமுறை மாறியும் சுவர்க்குழியும் புகைபோக்கியும் நிலக்கரிக் காலத்தவையாகவே எஞ்சின. இன்றைய செலவுக் கணக்கின் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் புறப்படுகின்றன. சிலிண்டரில் வரும் புரொப்பேன், பியூட்டேன் கலவைக்குப் பழகிய தமிழ் வாசகர், இங்கே பேசப்படுவது மண்ணுக்கடியில் குழாயில் வரும் மீத்தேன் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் அடுத்தடுத்துச் சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அன்றாடச் செய்தி.

வெளிப்பார்வைக்கு எல்லாக் கணப்புகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும், வெப்பம் அறைக்கு வரும் வழியில் அவை பெரிதும் வேறுபடுகின்றன. பழைய வகைக் கணப்பில் வாயு முன்கூட்டியே காற்றுடன் கலந்து, 1855இல் ஜெர்மன் வேதியியலாளர் புன்சன் வடிவமைத்த எரிகலனின் நெறியில், நீலச் சுடராக எரிகிறது. அச்சுடர் வரிசையாக நிற்கும் பீங்கான் தகடுகளைச் செந்தழலாகச் சுட வைக்கிறது. தகடுகளிலிருந்து புறப்படும் அகச்சிவப்புக் கதிர், இடையிலுள்ள காற்றைச் சூடாக்காமல் நேரே எதிரிலிருப்பவரின் கால்களையும் நாற்காலியையும் சேர்கிறது. ஒரு பொருள் வீசும் கதிர்வெப்பம் அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு உயர்வதால், தகடு சற்றே கூடுதலாகப் பழுத்தாலும் கதிர் கணிசமாகப் பெருகும். எரிந்த வாயு தகடுகளைக் கடந்த பின், பின்புறமுள்ள உலோகக் கூட்டின் வழியே வளைந்து செல்லும்போது மீதி வெப்பத்தின் ஒரு பகுதியை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டே புகைக்குழலை அடைகிறது. கதிர்வீச்சும் வெப்பச்சலனமும் சேர்ந்து உழைக்கும் இந்த அமைப்பு அழகில் குறைந்தது; சிக்கனத்தில் குறைந்ததன்று.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது அலங்காரக் கணப்பு. திறந்த புகைபோக்கிக்கு அடியில், இரும்புக் கூடையில், பீங்கான் இழையால் செய்த பொய்க் கரித்துண்டுகளை அடுக்கி, அவற்றினூடே மஞ்சள் சுடர் நெளியும்படி செய்வது இதன் வேலை. மஞ்சள் நிறத்துக்குக் காரணம், காற்று குறைவாகக் கலந்த சுடரில் தோன்றும் நுண்ணிய கரித்துகள்கள் ஒளிர்வது. இங்கே சூடான வாயு எந்தக் கூட்டையும் தொடாமல் நேராக மேலே போகிறது. போகும்போது அறையிலிருந்து ஏராளமான காற்றையும் உடன் அழைத்துச் செல்கிறது. எதிரே உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது முன்பக்கமாக வீசும் கதிர் மட்டுமே. நிலக்கரிக் கணப்பின் குறையை அப்படியே காத்து, அதன் எரிபொருளை மட்டும் மாற்றிய சாதனம் என்று இதைச் சொல்லலாம்.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியை எண்ணால் காட்டுவதே பயனுறுதிறன், அதாவது எரித்த ஆற்றலில் அறைக்குக் கிடைத்த பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்ற அளவு. பிரிட்டனில் வீடுகளின் எரிசக்தித் தரத்தை மதிப்பிடப் பயன்படும் அரசு முறையான எஸ்ஏபியின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு வகைக் கணப்புக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது: திறந்த புகைபோக்கியில் எரியும் அலங்காரக் கணப்புக்கு 20 விழுக்காடு, சுவரோடு சமமாகப் பதிந்து, புகைபோக்கியோடு மூடி இணைக்கப்பட்ட, திறந்த முகமுள்ள கரிச்சாயல் கணப்புக்கு 40, 1980க்கு முந்திய சாதாரணத் தகட்டுக் கணப்புக்கு 50, 1980க்குப் பின் வந்து, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் அதே வகைக்கு 63, முகம் மூடி, விசிறி பொருத்தப்பட்ட புதுவகைக்கு 72. இனி விலையைச் சேர்த்தால் போதும். 2024 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில், ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு விதித்த விலை உச்சவரம்பின்படி, குழாய் வாயு ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது தமிழ்நாட்டு மின்கட்டணச் சீட்டில் யூனிட் எனப்படும் அதே அளவுக்கு, ஏறத்தாழ 6 பென்ஸாகவும், மின்சாரம் ஏறத்தாழ 24 பென்ஸாகவும் இருந்தன. அறைக்குள் வந்து சேரும் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை, மூடிய முகக் கணப்பில் 8 பென்ஸுக்குச் சற்று மேல், 1980க்குப் பிந்திய தகட்டுக் கணப்பில் ஒன்பதரை, பதிந்த கரிச்சாயல் கணப்பில் 15, அலங்காரக் கணப்பில் 30.

கடைசி எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். கம்பி பழுத்து எரியும் மின்சார ஹீட்டர் தான் வாங்கும் ஆற்றல் முழுவதையும் அறைக்கே கொடுக்கிறது. அதன் வெப்பம் யூனிட்டுக்கு 24 பென்ஸ். ஆகவே வெப்பத்தைப் பெறுவதில் மிகுந்த செலவு பிடிக்கும் வழி என்று பேர்வாங்கிய கம்பி ஹீட்டரை விடவும், மலிவான வாயுவை எரிக்கும் அலங்காரக் கணப்பு விலை கூடியது. வாயு மலிவு, ஆதலால் வாயுக் கணப்பும் மலிவு என்ற பொதுநம்பிக்கை இந்த ஓரிடத்தில் முழுதாகத் தலைகீழாகிறது. மின்சாரத்தின் விலை வாயுவின் விலையைப் போல நான்கு மடங்காக இருக்கும் வரை, 25 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள எந்த வாயுக் கணப்பும் கம்பி ஹீட்டரிடம் தோற்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் எளிய விதி. விலைகள் மாறினால் எல்லைக்கோடும் நகரும், விதி மாறாது.

புதிய கணப்பின் விளம்பரத் தாளில் காணும் பயனுறுதிறனை அப்படியே இந்தக் கணக்கில் இட்டுவிடக் கூடாது. மீத்தேன் எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. அந்த நீராவி நீராகக் குளிர்ந்தால் மட்டுமே வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்து அளந்தால் கிடைப்பது மொத்தக் கலோரி மதிப்பு, சேர்க்காமல் அளந்தால் கிடைப்பது நிகரக் கலோரி மதிப்பு. இயற்கை வாயுவில் முன்னது பின்னதைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு பெரிது. சாதாரணக் கணப்பில் நீராவி குளிர்வதில்லை என்ற நியாயத்தைச் சொல்லி, சிறிய எண்ணாகிய நிகர மதிப்பால் வகுத்துப் பயனுறுதிறனைப் பெரிதாகக் காட்டுவது உற்பத்தியாளர்களின் வழக்கம். வாயுக் கட்டணமோ மொத்த மதிப்பின் மீதே விதிக்கப்படுகிறது. நிகர அடிப்படையில் 80 என்று அச்சிட்ட கணப்பு, கட்டணச் சீட்டின் கண்ணுக்கு 72தான். ஒரே தாளில் இரண்டு கணப்புகளை ஒப்பிடும்போது எந்த அடிப்படை என்று கேட்காமல் முடிவுசெய்பவர், அடியையும் மீட்டரையும் கலந்து துணி வாங்குபவரைப் போன்றவர்.

பழைய கணப்பு எவ்வளவு வாயுவை உண்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. வீட்டு மீட்டரே சொல்லும். வாயுவைப் பயன்படுத்தும் மற்றச் சாதனங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கணப்பை மட்டும் முழு அளவில் எரியவிட்டு, மீட்டரின் கடைசி இலக்கங்கள் இரண்டு நிமிடத்தில் எவ்வளவு நகர்ந்தன என்று குறித்துக்கொள்ள வேண்டும். 0.020 கனமீட்டர் நகர்ந்திருந்தால் ஒரு மணிக்கு 0.6 கனமீட்டர், ஒரு கனமீட்டர் வாயுவில் ஏறத்தாழ 11.2 யூனிட் ஆற்றல் இருப்பதால், கணப்பின் உட்கொள்ளல் 6.7 கிலோவாட். மீட்டர் கன அடியில் அளக்கும் பழைய வகையானால், 100 கன அடி 2.83 கனமீட்டருக்குச் சமம் என்று மாற்றிக்கொள்ளலாம். அலங்காரக் கணப்புகளில் பல 7 கிலோவாட்டுக்குச் சற்றே கீழ் நிற்பது தற்செயலன்று: பழைய வீடுகளின் இயல்பான இடுக்குகள் வழியே வரும் காற்று அந்த அளவு வரை போதும் என்று விதிகள் கொள்வதால், அதற்குள் நிற்கும் கணப்புக்குச் சுவரில் தனிக் காற்றுத்துளை போட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சன்னலையும் தரையையும் இறுக அடைத்துப் புதுப்பித்த வீட்டில் அந்தச் சலுகையை நம்ப முடியாது. அங்கே துளை போடும் செலவும் கணக்கில் ஏறும்.

எரியாத நேரத்துச் செலவு இன்னும் மறைவானது. திறந்த புகைபோக்கி, உள்ளே உள்ள காற்று வெளிக்காற்றைவிடச் சூடாகவும் இலேசாகவும் இருக்கும் காலமெல்லாம், யாரும் எதையும் எரிக்காதபோதும் மெல்ல மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். எஸ்ஏபி முறையின் அதே பதிப்பு திறந்த புகைபோக்கி ஒன்றுக்கு மணிக்கு 40 கனமீட்டர் காற்றிழப்பையும், கணப்போடு இணைந்த திறந்த புகைக்குழலுக்கு அதில் பாதியையும் கணக்கில் கொள்கிறது. ஒரு கனமீட்டர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 0.33 வாட் மணி வேண்டும். உள்ளும் புறமும் சராசரி 10 பாகை வேறுபாடு இருக்கும் பருவத்தில், 40 கனமீட்டர் இழப்பு என்பது 132 வாட் விளக்கொன்றை வானத்துக்காக ஓயாமல் எரியவிடுவதற்குச் சமம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏறத்தாழ 5,000 மணி நேரத்தில் இது 660 யூனிட் வெப்பம். 85 விழுக்காடு திறனுள்ள பாய்லர் அதை ஈடுசெய்ய 776 யூனிட் வாயுவை எரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 46 பவுண்டு. குளிர்கால விருந்தினர் வரும் நாளில் மட்டும் கணப்பை ஏற்றுபவர், தாம் சிக்கனமாக இருப்பதாக நினைத்தபடியே இந்தத் தொகையைக் கட்டிவருகிறார்.

இனி இரண்டு வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவையே, சந்தை நிலவரம் அன்று. முதல் வீட்டில் 6.8 கிலோவாட் உட்கொள்ளும் அலங்காரக் கணப்பு, 150 மாலைகளில், மாலைக்கு நான்கு மணி நேரம் எரிகிறது. ஆண்டுக்கு 4,080 யூனிட் வாயு, 245 பவுண்டு; அறைக்குக் கிடைப்பது 1.36 கிலோவாட் மட்டும். அதே வெப்பத்தை 72 விழுக்காடு திறனுள்ள மூடிய கணப்பு 1,133 யூனிட்டில், 68 பவுண்டுக்குத் தந்துவிடும். 177 பவுண்டு மிச்சம். திறந்த புகைபோக்கி மூடப்படுவதால் குறையும் காற்றிழப்பையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200. கணப்பும் பொருத்துகூலியும் சேர்ந்து 1,600 பவுண்டு ஆனால், எட்டு ஆண்டில் செலவு மீளும். இரண்டாம் வீட்டில் 1980களின் நடுவில் பொருத்திய, 4 கிலோவாட் உட்கொள்ளும் தகட்டுக் கணப்பு, அதே 600 மணி நேரம் எரிகிறது. 63 விழுக்காட்டிலிருந்து 72க்கு மாறினால் மிச்சமாவது 300 யூனிட், 18 பவுண்டு. 1,000 பவுண்டு செலவிட்டால் மீள்வதற்கு ஐம்பத்தைந்து ஆண்டு. புதிய கணப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு காலம் உழைத்தாலே பெரிது.

இன்று கையைவிட்டுப் போகும் பணமும், பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திரும்பும் பணமும் ஒரே எடை உடையவை அல்ல என்பதால், வருங்கால மிச்சத்தை வட்டி விகிதத்தால் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது பொருளியலாளர் வழக்கம். நான்கு விழுக்காடு வட்டியில், பதினைந்து ஆண்டுகள் கிடைக்கும் ஆண்டு மிச்சம் ஒவ்வொரு பவுண்டின் இன்றைய மதிப்பும் ஏறத்தாழ 11 பவுண்டு. முதல் வீட்டின் 200 பவுண்டு 2,200க்கு மேலாகிறது, 1,600ஐத் தாண்டுகிறது. இரண்டாம் வீட்டின் 18 பவுண்டு 200 பவுண்டில் நின்றுவிடுகிறது. இதிலும் ஒரு விலக்கு உண்டு. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரங்கள் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகும் என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இல் வாதிட்டதன் சிறு வடிவம் வீட்டு முன்னறையிலும் நிகழும்: 1.36 கிலோவாட்டில் குளிர் தாங்கியிருந்த குடும்பம், புதிய கணப்பில் 3 கிலோவாட் கிடைக்கும்போது 1.36இல் நிற்பதில்லை. மிச்சத்தின் ஒரு பகுதி வெதுவெதுப்பாக மாறிவிடும். அது வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பணமாகத் திரும்பும் என்று எழுதிக்கொண்டால் கணக்குப் பிழைக்கும்.

கடைக்காரர் சொன்ன விலைக்கும் இறுதியில் கட்டும் தொகைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. பழைய கணப்பைப் பெயர்த்தவுடன் தெரிவது, சுவர்க்குழியை அடைத்து நிற்கும் உலோகத் தகடு. கணப்பின் புகைவாய் நுழைய ஒரு துளையும், காற்று சமனாக அதற்குக் கீழே ஒரு திறப்பும் உள்ள இந்தத் தகடு, வெப்பம் தாங்கும் நாடாவால் நான்கு ஓரமும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் பின்னே, பல ஆண்டுகளாகப் புகைபோக்கியிலிருந்து உதிர்ந்த காரையும் கரியும் பறவைக்கூட்டுக் குச்சிகளும் குவிந்து கிடக்கலாம். அவை புகைவாயை அடைக்காமல் விழுந்து தங்கத் தனி இடம் விட வேண்டும் என்பது விதி. குழல் கசிந்தால் எவர்சில்வர் வளைகுழல் ஒன்றை உச்சியிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். கூரைமேல் ஆள் ஏற வேண்டிய அந்த வேலை கணப்பின் விலைக்கே ஈடாகலாம். 1960களுக்குப் பின் கட்டிய வீடுகள் பலவற்றில் செங்கல் புகைபோக்கிக்குப் பதிலாகச் சுவருக்குள் ஒடுங்கிய செவ்வகத் துளையுள்ள காங்கிரீட் கட்டிகளே குழலாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கென்று சான்றளிக்கப்பட்ட ஒல்லியான கணப்புகள் தவிர மற்றவை அங்கே பொருந்தா. கண்ணுக்குப் பிடித்த கணப்பை முதலில் தேர்ந்து, குழலைப் பிறகு பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலையைச் செய்யத் தகுதியுள்ளவர் யார் என்பதில் சலுகைக்கு இடமில்லை. 2009 ஏப்ரல் முதல் பிரிட்டனில் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றவர் மட்டுமே வாயுச் சாதனத்தைப் பொருத்தலாம்; அதற்கு முன் அந்த இடத்தில் கோர்கி என்ற பதிவேடு இருந்தது. வேலை முடிந்ததும் அவர் செய்யும் சோதனை ஒன்று எளிமையானது, ஆனால் கணப்பின் தலையெழுத்தை அதுவே முடிவுசெய்யும். கதவு சன்னல்களை அடைத்து, கணப்பைச் சில நிமிடம் முழு அளவில் எரியவிட்டு, புகை கக்கும் தீக்குச்சி ஒன்றைக் கணப்பு முகப்பின் மேல்விளிம்புக்கு உள்ளே பிடித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்துகிறார். வெண்புகை உள்ளே வளைந்து மறைந்தால் குழல் இழுக்கிறது. நுனி தயங்கி அறைப்பக்கம் சுருண்டால், எரிந்த வாயுவும் அதே வழியில்தான் திரும்பி வருகிறது. சமையலறையில் உறிஞ்சும் விசிறி இருந்தால் அதை ஓடவிட்டு, இடைக்கதவைத் திறந்து மறுபடியும் சோதிக்க வேண்டும். வீட்டின் காற்றை விசிறி வெளியே இழுக்கும்போது புகைபோக்கி எதிர்த்திசையில் ஓடத் தொடங்குவது அபூர்வம் அன்று.

இந்தச் சோதனையில் தோற்ற கணப்புக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. காற்றுக் குறைவில் எரியும் மீத்தேன் கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. உடனடி அபாயம் என்று பொறியாளர் சீட்டு ஒட்டிய கணப்பு, செப்பனிடும் வரை ஏற்றப்படக் கூடாது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், சமையல் அடுப்பு தவிர்த்து, நிலையாகப் பொருத்திய எரிசாதனம் உள்ள ஒவ்வொரு வாடகை அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. சொந்த வீட்டுக்காரர் அதைத் தாமே வாங்கி மாட்டுவது, இங்கே குறிப்பிடப்படும் செலவுகளில் மிகச் சிறியது.

பழுது என்று தோன்றுவதெல்லாம் மாற்றத்தைக் கோருவதில்லை. திறந்த குழல் கணப்புகள் பலவற்றில் ஆக்சிஜன் குறைவை உணரும் அமைப்பு ஒன்று உண்டு: சிறிய முன்சுடர் ஒரு வெப்ப மின்னிரட்டையைச் சுட வைக்க, அதில் பிறக்கும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் ஒரு மின்காந்தத்தின் மூலம் வாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது, அறையில் ஆக்சிஜன் குறைந்தால் சுடர் மின்னிரட்டையை விட்டு எழும்பி, மின்னிரட்டை குளிர்ந்து, வால்வு மூடிக்கொள்கிறது. முன்சுடருக்குக் காற்று போகும் ஊசித்துளையில் கம்பளத்து இழையும் நாயின் முடியும் அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான். பத்து நிமிடம் எரிந்து தானே அணையும் கணப்பைச் செத்துவிட்டது என்று தூக்கியெறிவது எவ்வளவு பிழையோ, தூசிதான் காரணம் என்று தாமே முடிவுகட்டி மீண்டும் மீண்டும் ஏற்றுவதும் அவ்வளவு பிழை. உண்மையில் குழல் அடைத்திருக்கலாம். ஆண்டுப் பராமரிப்பின் கட்டணம் இரண்டையும் பிரித்தறிவதற்கான விலை. உதிரிப்பாகம் தேட, கணப்பின் விவரத் தகட்டில் பொறித்துள்ள, அதன் மாதிரியைக் குறிக்கும் ஜிசி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். அந்த எண்ணுக்குப் பாகம் வருவது நின்றுவிட்டது என்று தெரியும்போதே மாற்றத்துக்கான காரணம் உறுதிப்படுகிறது.

கணப்புக்குப் பின்னால் பாய்லர் ஒளிந்திருக்கும் வீடுகள் தனி இனம். 1960களிலிருந்து 1980கள் வரை பரவலாகப் பொருத்தப்பட்ட இந்த இரட்டை அமைப்பில், முன்னே தெரிவது கணப்பு, அதே சுவர்க்குழியில் பின்னே இருந்து ரேடியேட்டர்களுக்கும் குளியலுக்கும் நீரைச் சூடாக்குவது பாய்லர்; இரண்டும் ஒரே புகைக்குழலைப் பகிர்ந்து, ஒரே தொகுதியாகச் சான்று பெற்றவை. முன்னால் உள்ளதை மட்டும் கழற்றிக் கடையில் பிடித்த வேறொன்றை வைத்துவிட முடியாது. ஆகவே கணப்பின் விலையைக் கேட்டுச் சென்றவர், 2005 முதல் இங்கிலாந்தில் புதிய பாய்லர்களுக்குப் பொதுவாகக் கட்டாயமாக்கப்பட்ட, வெளிவாயுவின் நீராவியைக் குளிர்வித்து அதன் உள்ளுறை வெப்பத்தையும் மீட்கும் பாய்லரின் விலையோடு திரும்புகிறார். பழைய குழல் இணைப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் வாய்ப்பும் உண்டு. அந்நாட்டில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான்.

புகைபோக்கியே வேண்டாம் என்று விற்கப்படும் குழலற்ற கணப்பு, காகிதத்தில் எல்லாவற்றையும் வென்றுவிடுகிறது: எரிந்த வாயுவை வினையூக்கி ஒன்றின் வழியே செலுத்தி அறைக்குள்ளேயே விடுவதால் வெப்பம் எதுவும் மேலே போவதில்லை. அறைக்குள் விடுவது வெப்பத்தை மட்டும் அன்று. ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீர் ஆவியாகப் பிறக்கிறது; 2.5 கிலோவாட் கணப்பு நான்கு மணி நேரத்தில் ஒன்றே கால் லிட்டருக்கு மேல் நீரை அறைக்காற்றில் கலந்துவிடும். குளிர்ந்த சன்னலிலும் அலமாரியின் பின்சுவரிலும் அது பூஞ்சணமாக எழும். இதற்காக நிலையான காற்றுத்துளை கட்டாயம் என்பதால், எஸ்ஏபி முறை இக்கணப்புக்கு மணிக்கு 40 கனமீட்டர் காற்றிழப்பைச் சுமத்துகிறது. திறந்த புகைபோக்கிக்குச் சுமத்திய அதே அளவு.

வாயுவை விட்டு மின்சாரத்துக்கு மாறுவதா என்ற கேள்வியில், யூனிட் விலை மட்டுமே பார்ப்பவருக்கு விடை எளிது: மேற்சொன்ன 2024 விலையில், 2 கிலோவாட் வீதம் ஒரு மணி நேர வெப்பம் நல்ல வாயுக் கணப்பில் 19 பென்ஸ், மின்கணப்பில் 48. ஆயினும் சமையலும் நீர்சூடாக்கலும் ஏற்கெனவே மின்சாரத்துக்குப் போய்விட்ட அடுக்குமாடி வீட்டில், முன்னறைக் கணப்பு ஒன்றே கடைசி வாயுச் சாதனமாக எஞ்சியிருந்தால் கணக்கு வேறாகிறது. வாயு இணைப்பு இருக்கிறது என்பதற்காகவே கட்டும் நிலைக்கட்டணம் 2024இல் நாளுக்கு ஏறத்தாழ 31 பென்ஸ், ஆண்டுக்கு 113 பவுண்டு. அறைக்கு வரும் வெப்பத்தில் வாயு மிச்சப்படுத்துவது யூனிட்டுக்குப் பதினான்கரை பென்ஸ் என்பதால், அந்த நிலைக்கட்டணத்தை ஈடுகட்டவே கணப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 780 யூனிட் வெப்பம் தர வேண்டும், அதாவது 2 கிலோவாட் வீதம் 390 மணி நேரம். ஆண்டுப் பராமரிப்புக்கு 80 பவுண்டு என்று வைத்தால், தேவை 1,330 யூனிட்டாக, 665 மணி நேரமாக உயர்கிறது. வார இறுதிகளில் மட்டும் கணப்பேற்றும் வீட்டுக்கு, கணப்பைக் கழற்றி, வாயுக் குழாயை முனையில் அடைத்து, மீட்டரையும் எடுக்கச் சொல்லிவிடுவதே மலிவான வழி. அப்போதும் புகைபோக்கியை முழுதாக அடைத்துவிடக் கூடாது. உச்சியில் மழைமூடியும் அறைப்பக்கம் சிறு காற்றுச்சட்டமும் வைத்து மெல்லிய காற்றோட்டம் விட வேண்டும், இல்லையேல் குழலுக்குள் படியும் ஈரம் பழைய கரியைக் கரைத்துக்கொண்டு சுவரில் பழுப்புத் திட்டாக இறங்கும்.